முதல் மிதியில் பெடல் கீழே போகுது, வண்டி வலப்பக்கம் இழுக்குது: 2007 ஆல்ட்டோ

நாமக்கல்_ஆல்ட்டோ

வணக்கம். வண்டி 2007 ஆல்ட்டோ எல்எக்ஸ்ஐ, 1,18,000 கி.மீ. ஓடியது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் கிடையாது. ஒரே நேரத்தில் நாலு தொல்லை.

பிரேக்கை முதல் தடவை மிதித்தால் பெடல் பாதிக்கு மேல் இறங்கிப் போகிறது. உடனே எடுத்து இன்னொரு மிதி மிதித்தால் மேலேயே கெட்டியாக நிற்கிறது. 40 கி.மீ. வேகத்தில் அழுத்திப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. லேசாக மிதிக்கும்போது இடது முன்சக்கரத்தில் ‘கீச்ச்ச்’ என்று சத்தம். இது போதாதென்று, பிரேக் போட்டதும் காலடியில் ஒரே ஒரு ‘டொக்’. அப்புறம் ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டால் இன்னொரு ‘டொக்’.

டப்பாவில் பிரேக் ஆயில் மினிமம் கோட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது, ஒரு மாதமாக அதே அளவுதான். ஒர்க் ஷாப்பில், பெடலை மிதித்ததும் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது, மாற்றணும் என்கிறார்கள். காசைக் கொட்டுவதற்கு முன்னால் அதுதான் கோளாறு என்று எப்படி உறுதி செய்வது? கொல்லிமலைக்கு வேறு போகவேண்டியிருக்கிறது, 70 கொண்டை ஊசி வளைவு. அதனால் யோசனையாக இருக்கிறது.

டிரம்_டிஸ்க்

சார், நீங்க சொன்னதை வைத்துப் பார்த்தால் மாஸ்டர் சிலிண்டர் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பார்ட்ஸ் வாங்கவும் கூடாது, வாங்காமல் விடவும் கூடாது. நின்ற இடத்திலேயே மூணு சோதனை செய்துவிடலாம்.

ஒண்ணு: இன்ஜினை அணைத்து, பெடலை ஐந்தாறு தடவை மிதித்து பூஸ்டரில் (இன்ஜின் வேக்கூமால் கால் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுப்பது) மிச்சமிருக்கும் வேக்கூமைக் காலி பண்ணுங்க. கடைசி மிதியை அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் கொஞ்சம் தானாக இறங்கினால் பூஸ்டர் நல்லா இருக்கு. இறங்காமல் கல் மாதிரி நின்றால் பூஸ்டர், அதற்குப் போகும் வேக்கூம் ஹோஸ், அதில் இருக்கும் ஒருவழி வால்வு, இந்த மூணில் ஒன்று.

ரெண்டு: இன்ஜின் ஓடும்போது மிதமான அழுத்தத்தில் பெடலை ஒரு நிமிடம் பிடித்து வையுங்க. வெளியே எங்கேயும் கசிவு இல்லாமல் பெடல் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால், மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்பக்கம் நழுவுகிறது என்று அர்த்தம். அப்போது ஒர்க் ஷாப்காரர் சொன்னது சரி. ரொம்ப லேசாக மிதித்தும் ஒரு தடவை பாருங்க. அழுத்தி மிதித்தால் கப் விரிந்து பிடித்துக்கொள்ளும், லேசாக மிதித்தால் விட்டுவிடும், அப்படியும் சில உண்டு.

மூணாவதுதான் உங்களுக்கு முக்கியம். ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுக்காமல், பின்சக்கர ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த துண்டு) டிரம்மைத் தொடும் அளவுக்கு மட்டும் சில க்ளிக் இழுத்து வைத்துக்கொண்டு கால் பிரேக்கை மிதியுங்க. பெடல் முதல் மிதியிலேயே மேலே நின்றால், தொலைகிற தூரம் முழுக்கப் பின்சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவில்தான் இருக்கு.

காரணம் இதுதான். ஒரு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் குறிப்பிட்ட அளவுதான். ஷூ ரொம்பத் தள்ளி நின்றால் அந்த ஆயில் முழுக்க ஷூவை டிரம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே செலவாகிவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவைப் பின்னால் இழுப்பதற்குள் அடுத்த மிதி விழுந்தால் மேற்கொண்டு ஆயில் போய்ச் சேருகிறது, பெடல் கெட்டியாகிறது. பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தாலும் ரெண்டாவது மிதி நல்லா வரும். ஆனால் காலுக்கு அது கெட்டியாகத் தெரியாது, பஞ்சை மிதிக்கிற மாதிரி இருக்கும்.

இழுப்பதைப் பற்றி: முதலில் ரெண்டு முன் டயரிலும் ஒரே காற்று இருக்கா பாருங்க. இருந்தும் பிரேக் போடும்போது மட்டும் வலது பக்கம் இழுக்கிறது என்றால் இடது முன் பிரேக் பிடிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கணும். நிறையப் பேர் இழுக்கிற பக்கத்தைக் கழட்டி மேய்வார்கள். ஆளில்லாத ரோட்டில் பத்துத் தடவை 40-லிருந்து பிரேக் போட்டுவிட்டு நிறுத்தி, டிஸ்க்கைத் தொடாமல் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே சூட்டு வித்தியாசம் தெரியும். ஆறிக்கிடக்கிற பக்கம்தான் வேலை செய்யாத பக்கம்.

நாமக்கல்_ஆல்ட்டோ

ரொம்ப நன்றி. எல்லாம் பார்த்தாச்சு. பூஸ்டர் சரி. ஒரு நிமிடம் பிடித்தும் பெடல் இறங்கவில்லை, லேசாக மிதித்தும் இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை நாலு க்ளிக் இழுத்துவிட்டு மிதித்தால் பெடல் மேலேயே நிற்கிறது! இடது முன் டிஸ்க்தான் ஆறிக்கிடக்கிறது.

இடது சக்கரத்தைக் கழட்டினோம். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்தும் பேடுகளில், உள்பக்க பேடில் சுமார் 2 மி.மீ. மிச்சம், வெளிப்பக்க பேடில் 6 மி.மீ. பேடுகளைத் தாங்கும் காலிப்பர் சறுக்கி நகரும் இரும்புப் பின்களில் (pin) கீழே இருப்பதைக் கையால் அசைக்கவே முடியவில்லை. பின்னால் ரெண்டு டிரம்மும் கழட்டியாச்சு. ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துரு ஏறி இறுகிக் கிடக்கிறது. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர்களில் வலது பக்கத்து சிலிண்டரின் தூசு ரப்பரை விலக்கினால் உள்ளே ஈரம், அந்தப் பக்க ஷூவிலும் ஆயில் பட்டிருக்கிறது. ஷூவை உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போடலாமா? டிஸ்க்கை லேத்தில் கொடுக்கணுமா?

நட்டுபோல்ட்டு

உப்புத்தாள் வேலைக்காகாது தம்பி. லைனிங் (ஷூ மேல இருக்கிற உராய்வுப் பட்டை) ஆயிலை உள்ளே குடிச்சிருக்கும். மேலே தேய்ச்சா பளிச்னு தெரியும், சூடானதும் திரும்ப வெளியே கக்கும். ஒரு பக்கம் வழுக்கும், இல்லேன்னா கப்புன்னு கவ்வும். ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து நாலு ஷூவும் மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்துற பேச்சே வேண்டாம்.

வீல் சிலிண்டருக்கு கப் கிட் மட்டும் போடலாம்னு சொல்வாங்க. உள் சுவத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. குழி தட்டுப்பட்டா கிட் போட்டும் பிரயோஜனமில்லை, திரும்ப ஒழுகும். முழு சிலிண்டரே போட்டுடுங்க, அதைக் கழட்டி மாட்டுற கூலியே ரெண்டு தடவை கொடுக்கணும் இல்லேன்னா.

டிஸ்க்கைப் பொறுத்தவரை புது பேட் போட்டா லேத்துல ஒரு கீறு கீறிடறதுதான் நல்லது. பேட் சீக்கிரம் உக்காரும்.

டிரம்_டிஸ்க்

ஷூ, சிலிண்டர் விஷயத்தில் அண்ணன் சொன்னதே என் கருத்தும். டிஸ்க்கில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. இந்த வண்டியில் பிரேக் போடும்போது பெடல் துடிப்பதாகவோ ஸ்டீயரிங் உதறுவதாகவோ சொல்லவில்லை. அப்படியென்றால் டிஸ்க் தடிமன் ஒரே சீராகத்தான் இருக்கு. லேத்தில் கொடுத்தால் இருக்கிற இரும்பும் போய்விடும். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரில் நாலைந்து இடத்தில் அளந்து பாருங்க. அந்த அளவுக்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையே மாத்தணும். மேலே இருந்து, துடிப்பும் இல்லை, ஆழமான கோடுகளும் இல்லை என்றால், விளிம்பில் நிற்கும் துருவைத் தட்டிவிட்டுப் புது பேட் போட்டால் போதும்.

கீச் சத்தத்துக்கு விடை உங்க அளவிலேயே இருக்கு. பல பேடுகளில் ஓரத்தில் வளைந்த ஒரு தகடு வைத்திருப்பார்கள். லைனிங் 2 - 3 மி.மீ.க்கு வந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு கீச்சிடும். மிச்சம் 6 மி.மீ. இருந்த வெளி பேடை மட்டும் சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு ‘பேட் நிறைய இருக்கு’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உள் பேடைப் பார்க்காமல் அந்த முடிவுக்கு வரவே கூடாது. இந்தக் காலிப்பரில் பிஸ்டன் ஒரு பக்கம்தான். அது உள் பேடைத் தள்ளும், அந்த எதிர்விசையில் காலிப்பர் பின் மேல் சறுக்கி வந்து வெளி பேடை இழுத்து அழுத்தணும். பின் இறுகினால் வெளி பேட் சும்மா நிற்கும், உள் பேட் மட்டும் தேயும். பிரேக் பாதிதான் பிடிக்கும், அதனால்தான் வண்டி வலப்பக்கம் ஓடியது.

பின்னைக் கழட்டி துருவை எடுங்க. பள்ளம் விழுந்திருந்தால் புது பின், புது ரப்பர் பூட் போடுங்க. தடவ வேண்டியது ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிகோன் கிரீஸ். சாதாரண சேசிஸ் கிரீஸ் போட்டால் பூட் ஊதிப்போய் பின் திரும்பவும் சிக்கும். பிரேக் சம்பந்தப்பட்ட எந்த ரப்பரையும் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெயில் கழுவவும் கூடாது, இதே காரணம்தான். பிஸ்டனை உள்ளே தள்ளும் முன் டப்பாவில் ஆயில் அளவைப் பாருங்க. யாராவது நடுவில் ஊற்றி நிரப்பியிருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். பிஸ்டன் கை அழுத்தத்துக்கே உள்ளே போகணும். போகாமல் முரண்டு பிடித்தால் காலிப்பரில் ஆயிலும் காற்றும் வெளியேற வைத்திருக்கும் நிப்பிளைத் திறந்து பாருங்க. அப்போது எளிதாகப் போனால் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கு. அப்போதும் போகவில்லை என்றால் பிஸ்டனே துரு பிடித்திருக்கு.

கோவை_சஸ்பென்ஷன்

அந்த ‘டொக்’கை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். முன்னால் போய் பிரேக் போட்டால் ஒன்று, பின்னால் போய் பிரேக் போட்டால் ஒன்று. அதாவது ஏதோ ஒன்று திசை மாறும்போது மட்டும் நகர்ந்து இடிக்கிறது. இரண்டு இடத்தில் பாருங்கள்.

முதலாவது பேட். பிராக்கெட்டில் பேடைப் பிடிக்கும் கிளிப் இல்லாமலோ தளர்ந்தோ இருந்தால் பேட் முன்னும் பின்னும் நகரும். ஆனால் அந்தச் சத்தம் ‘டிக்’ என்று மெலிதாக, இரும்பு இரும்பைத் தட்டுவதுபோல இருக்கும். எப்படியும் பேட் மாற்றுகிறீர்கள், கிளிப்பையும் புதிதாகப் போடுங்கள். காலிப்பர் போல்ட்டுகள் இறுக்கமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

காலடியில் தெரியும் கனத்த ‘டொக்’ என்றால் எனக்கு ஸ்டெபிலைசர் பார் என்ற தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் மேல்தான் சந்தேகம். ஆல்ட்டோவில் சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பிடிக்கும் லோயர் ஆர்ம் ஒற்றைத் தண்டு. சக்கரம் முன்பின் நகராமல் பிடித்து நிறுத்துவது அந்த ஸ்டெபிலைசர் பார்தான். புஷ் நைந்துபோனால் பிரேக் போட்டதும் சக்கரம் கொஞ்சம் பின்னால் போய் இடிக்கும். சோதனைக்கு ஒரு ஆள் வண்டிக்குள் உட்கார்ந்து, முதல் கியரிலும் ரிவர்ஸிலும் ஓரடி ஓரடியாக நகர்த்தி பிரேக் போடட்டும். நீங்கள் பக்கவாட்டில், வண்டி போகும் பாதைக்கு வெளியே நின்று, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். இடைவெளி குதித்து மாறினால் புஷ் போயிருக்கிறது.

புஷ் மாற்றும்போது வழக்கமாகச் செய்கிற தவறு, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிடுவது. அப்படி இறுக்கினால் வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். வண்டி நாலு சக்கரத்திலும் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட்டையும் கடப்பாரையால் நெம்பிப் பார்த்துவிடுங்கள். முடிந்ததும் அலைன்மென்ட்.

நட்டுபோல்ட்டு

பின்னாடி வேலைக்கு ரெண்டு விஷயம். ஷூ உரசுற பேக் பிளேட் மேடுகளைத் துடைச்சு, சூடு தாங்குற கிரீஸ் மெலிசா ஒரு பூச்சு மட்டும் கொடுங்க, லைனிங்ல படக்கூடாது. தூசியை காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணி, இல்லேன்னா பிரேக் கிளீனர்.

டிரம்முல வேற அதிகபட்ச விட்டம் பொறிச்சிருக்கும், அளந்து பாருங்க. அட்ஜஸ்டரை சுத்தம் பண்ணி, டிரம் லேசா உரசிக்கிட்டு உள்ளே போற அளவுக்கு ஷூவை விரிச்சு வையுங்க. ஸ்பின்டில் நட்டு புதுசு போட்டு, கையேட்டுல இருக்கிற டார்க் அளவுக்கு (இறுக்கும் முறுக்கு விசை) இறுக்கி, சக்கரத்தை ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா பேரிங். எல்லாம் மாட்டின பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிள். ஷூ இடைவெளியை கேபிளை இறுக்கிச் சரிக்கட்டறது பெரிய தப்பு, பாதிப் பேர் அதைத்தான் செய்யறாங்க. அட்ஜஸ்டர் அதோட வேலையே செய்யாது.

நாமக்கல்_ஆல்ட்டோ

இடைவெளி மாறுவது கண்ணுக்கே தெரிகிறது, புஷ்தான். ஏர் எடுக்கும்போது (பிரேக் குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது) ஆயில் எந்தத் தரம், டாட் 3 ஊற்றவா, டாட் 4 ஊற்றவா? மலை ஏறுவதற்கு டாட் 5 நல்லது என்றும் ஒருவர் சொன்னார்.

டிரம்_டிஸ்க்

டாட் 5 வேண்டவே வேண்டாம். அது சிலிகோன், உங்க வண்டியில் இருக்கிற கிளைகால் ஆயிலோடு சேராது. டாட் 3-ம் டாட் 4-ம் ஒன்றோடொன்று சேரும். புது டாட் 3-க்கு கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதே ஆயில் 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். மலையில் பெடல் திடீரென்று காணாமல் போவது இதனால்தான். ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். ஆக மலைக்கு டாட் 3-ஆ 4-ஆ என்பதைவிடப் புதுசா பழசா என்பதுதான் கேள்வி. சீல் உடைக்காத டப்பா வாங்கி, பழுப்பு நிற ஆயில் போய்த் தெளிவாக வரும்வரை நாலு சக்கரத்திலும் எடுங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

வழக்கமாக மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பிப்பார்கள். கையேட்டில் வேறு வரிசை இருந்தால் அதையே பின்பற்றுங்க. நடுவில் டப்பா காலியாக விடாதீங்க. முக்கியமாக, பெடலைத் தரை வரைக்கும் மிதிக்க வேண்டாம், அடியில் ஒரு மரக்கட்டை வையுங்க. மாஸ்டர் சிலிண்டருக்குள் இத்தனை வருஷம் கப் ஓடாத கடைசிப் பகுதியில் துரு இருக்கும். அங்கே போய் உரசினால் இப்போது நல்லா இருக்கிற மாஸ்டர் சிலிண்டர் நிஜமாகவே போய்விடும்!

வண்டியை வெளியே எடுக்கும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்க. பேட் மாத்தின பிறகு முதல் மிதி பிரேக் பிடிக்காமல் வெறுமனேதான் போகும். அப்புறம் காலி ரோட்டில் 50-லிருந்து 10 வரைக்கும் மிதமாகக் குறைத்து, முழுசாக நிறுத்தாமல், ஒரு நிமிடம் ஓட்டி ஆறவிட்டுத் திரும்ப. பத்துப் பதினைந்து தடவை இப்படிச் செய்தால் பேட் டிஸ்க்கோடு பொருந்தும். முதல் 200 கி.மீ. சமவெளியிலேயே ஓட்டுங்க. திரும்ப ஜாக்கி போட்டு வீல் சிலிண்டர், நிப்பிள், ஹோஸ் முனை எல்லாம் காய்ந்திருக்கா என்று பார்த்த பிறகு கொல்லிமலை. இறங்கும்போது ரெண்டாவது கியர், குறுகிய வளைவில் முதல் கியர். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடணும்.