பீரியட் டிராமா: ‘காலக்கோலத் தொடர்’ எனலாமா?

வணக்கம்.

கடந்துபோன ஒரு காலத்தில் நடக்கும் கதையைச் சொல்லும் தொடரையோ படத்தையோ ஆங்கிலத்தில் ‘பீரியட் டிராமா’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்தவற்றில் ‘வரலாற்று நாடகம்’ என்பதற்குத்தான் ஆதரவு கூடுதலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்பதை ஒரு தொடரை வைத்துச் சொல்கிறேன்.

ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை பிபிசி 1995-இல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பியது. திரைக்கதை ஆண்ட்ரூ டேவிஸ், இயக்கம் சைமன் லாங்டன். பீரியட் டிராமா என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது இதுதான். இதில் வரலாறு எங்கே இருக்கிறது? எலிசபெத் பென்னட், டார்சி, பிங்லி எல்லாரும் கற்பனை மனிதர்கள். பிரான்சுடன் இங்கிலாந்து போரிட்டுக்கொண்டிருந்த காலம்தான். ஆனால் ஊருக்கு வந்து தங்கும் படைவீரர்கள் வழியாக மட்டுமே அது கதைக்குள் எட்டிப்பார்க்கிறது. நெப்போலியன் பெயர்கூட நாவலில் வராது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1813-இல் வெளிவந்தபோது இது ஒரு சமகால நாவல். ஆஸ்டின் தன் கண்முன் நடமாடிய மனிதர்களைத்தான் எழுதினார். அடுத்த ஆண்டே வெளிவந்த வால்ட்டர் ஸ்காட்டின் ‘வேவர்லி’ அறுபது, எழுபது ஆண்டுகள் பின்னே போய் 1745-இன் ஜாக்கபைட் கிளர்ச்சியை, அதாவது ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த எழுச்சியைப் பேசியது. வரலாற்று நாவல் என்ற பெயர் அதற்குப் பொருந்தும், ஆஸ்டினுக்குப் பொருந்தாது. அவருடைய நிகழ்காலம் நமக்குப் பழங்காலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பழமையைத் திரையில் உண்டாக்குபவர்கள் தொடரை எடுப்பவர்கள். நாவலில் உடைகளைப் பற்றியோ நாற்காலி மேசைகளைப் பற்றியோ மிகக் குறைவாகவே வருகிறது. வாசகர்களுக்கு அவை தெரிந்தவைதானே, ஆஸ்டின் எதற்காக விவரிக்கவேண்டும்? 1995-இல் எடுத்தவர்களோ ஒவ்வொன்றையும் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. கதையில் வரும் மெரிட்டன் ஊராக வில்ட்ஷயரின் லேகாக் கிராமம் நடித்தது. பென்னட் குடும்பத்தின் வீடு அதே வில்ட்ஷயரில் உள்ள லக்கிங்டன் கோர்ட். டார்சியின் பெம்பர்லி மாளிகைக்கு வெளித்தோற்றம் செஷயரின் லைம் பார்க், உள்ளறைகள் டெர்பிஷயரின் சட்பரி ஹால். கதையில் ஒரே மாளிகை, படப்பிடிப்பில் இரண்டு.

உடையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று நாவல் சொல்வதில்லை. ஆஸ்டின் முதல் வடிவத்தை எழுதியது 1796–97-இல். நூல் வந்தது 1813-இல். இந்த இடைவெளியில் இங்கிலாந்துப் பெண்களின் உடையமைப்பே மாறிவிட்டது. 1995 தொடர் நூல் வெளிவந்த காலத்தை எடுத்துக்கொண்டது. அதனால் மார்புக்குச் சற்றுக் கீழே இடைக்கோடு வரும் மெல்லிய கவுன்கள் தொடர் முழுக்க வருகின்றன; அவற்றை வடிவமைத்தவர் டைனா காலின். ஜோ ரைட் இயக்கி 2005-இல் வந்த திரைப்படமோ 1790-களுக்குப் போனது, இடைக்கோடும் கீழே இறங்கியது. நாவல் ஒன்று, கோலம் இரண்டு. எந்தக் காலத்தை எப்படிக் காட்டுவது என்பது எடுப்பவரின் தேர்வு. நாம் உருவாக்கும் சொல்லில் இந்தத் தேர்வு தெரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, மற்ற பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘பழங்காலத் தொடர்’ எளிமையானது, ஆனால் எப்போதோ ஒளிபரப்பான பழைய தொடர் என்று பொருள்படும். இதே நாவலை பிபிசி 1980-லும் தொடராக எடுத்திருக்கிறது. ‘பழங்காலத் தொடர்’ என்று எழுதினால் அதைத்தான் சொல்கிறோம் என்று தோன்றும். ‘உடை நாடகம்’, ‘காஸ்ட்யூம் டிராமா’ என்பதன் நேர்பெயர்ப்பு. வீடு, வண்டி, நடனம், பேச்சு எல்லாம் வெளியே நின்றுவிடும். ‘ராஜா காலத்துப் படம்’ என்று நம் ஊரில் சொல்வது எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. பென்னட் வீட்டுக்குத்தான் அது பொருந்தாது.

என் பரிந்துரை ‘காலக்கோலத் தொடர்’. திரைப்படம் என்றால் ‘காலக்கோலப் படம்’, மேடை என்றால் ‘காலக்கோல நாடகம்’. உடை, அணி, நிற்கும் நிலை, சுற்றியுள்ள சூழல் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் கோலம். மணக்கோலம் என்றால் பட்டுப்புடவை மட்டும் இல்லை, தவக்கோலம் என்றால் மரவுரி மட்டும் இல்லை. திருவரங்கத்தில் பெருமாள் நாச்சியார் திருக்கோலம் பூண்டு வருவதைப் பார்க்கிறவர்கள், பார்ப்பது பெருமாளைத்தான் என்று அறிந்தேதான் பார்க்கிறார்கள். கோலம் பூணுவதை ஏமாற்று என்று தமிழ் நினைப்பதில்லை, முழுமையான தோற்றமாகவே கொள்கிறது. இது நமக்கு வேண்டிய பொருள்.

இன்னொரு வசதியும் உண்டு. 1995 தொடரில் பிங்லியின் நெதர்ஃபீல்ட் மாளிகையில் நடக்கும் விருந்தில் எலிசபெத்தும் டார்சியும் ஆடும் நடனம் 1695-இல் அச்சான ஒன்று. 1813-இல் அது நூறு வயது கடந்த நடனம், இளைஞர்கள் ஆடியிருக்க வாய்ப்பில்லை என்று நடன வரலாறு அறிந்தவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். ‘வரலாற்று நாடகம்’ என்று பெயர் வைத்துவிட்டால் இது வெறும் பிழை. ‘காலக்கோலம்’ என்றால் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கலாம்: கோலம் காலத்தோடு ஒத்திருக்கிறதா, கதைக்குப் பொருந்துகிறதா? முதல் கேள்வியில் தோற்கும் அந்த நடனம் இரண்டாவதில் அழகாக வெல்கிறது. சண்டையும் ஈர்ப்புமாக இருவரும் பேசிக்கொள்ள அந்த மெதுவான அடவுகள் இடம் கொடுக்கின்றன.

நண்பர் ஒருவர் ‘காலத்தின் கோலம்’ என்ற புலம்பல் வழக்கை நினைவூட்டியிருந்தார். நியாயமான ஐயம். ஆனால் அந்த வழக்கு எப்போதும் ‘காலத்தின்’ என்று பிரிந்தே வருகிறது. பின்னால் தொடர், படம், உடை என்று எதுவும் ஒட்டுவதில்லை. ‘காலக்கோல உடை’, ‘காலக்கோல வீடு’ என்று எழுதிப் பாருங்கள், புலம்பல் காதில் விழாது. ‘பீரியட்’ என்பதை ஒட்டிவரும் பிற சொற்களையும் இப்படியே ஆக்கலாம் என்பது கூடுதல் பயன்.

அப்புறம் இழையில் பேசப்படும் இன்னொரு சொல், நாவலைப் படமாகவோ தொடராகவோ ஆக்குவதைக் குறிக்கும் ‘அடாப்டேஷன்’. ‘தழுவல்’ போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். தமிழ் நாடகத்தில் தழுவல் என்றால் பெயரையும் ஊரையும் மாற்றி இங்கே கொண்டுவருவது என்ற பொருளும் ஊறியிருக்கிறது. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை அமலாதித்யன் ஆக்கியது அப்படித்தான். டேவிஸ் பெயர்களையும் மாற்றவில்லை, ஊரையும் மாற்றவில்லை. ஊடகத்தை மாற்றினார். அதற்கேற்பச் சிலவற்றைச் சேர்த்தார்: டார்சி ஏரியில் குதித்து ஈரச்சட்டையோடு எலிசபெத்தின் எதிரே வந்து நிற்கும் காட்சி நாவலில் கிடையாது; அங்கே அவர் குதிரைலாயப் பக்கமிருந்து நடந்து வருகிறார். இதற்குத் ‘திரையாக்கம்’ பொருந்தும், தொலைக்காட்சி என்றே குறிக்க ‘தொடராக்கம்’. இந்த இரண்டில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

‘வரலாற்றுத் தொடர்’ என்ற சொல்லையும் நாம் கைவிட வேண்டியதில்லை. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லைப் பற்றிய ‘உல்ஃப் ஹால்’ (2015) போன்றவை வரலாற்றுத் தொடர்களாகவும் காலக்கோலத் தொடர்களாகவும் ஒருசேர இருக்கும். கலைச்சொல் பட்டியலில் இப்படிப் பதியலாம்:

காலக்கோலத் தொடர்: கடந்துபோன ஒரு காலத்தின் உடை, இடம், பொருள், பழக்கவழக்கம் ஆகியவற்றைத் திரையில் உருவாக்கி அதற்குள் கதை சொல்லும் தொடர், கதைமாந்தர் வரலாற்று மனிதர்களாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

‘பேச்சுநடை’ என்பதையும் இதில் சேர்க்கலாமா என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கருத்துச் சொல்லுங்கள்.