மேடிசன் என்ற பெண்பெயர்: கடற்கன்னி கொண்டுவந்ததா?

வேர்ச்சொல்:
அமெரிக்காவில் மேடிசன் என்ற பெண்பெயர் பரவியதற்கு 1984 மார்ச்சில் வெளிவந்த 'ஸ்பிளாஷ்' திரைப்படமே காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். நியூயார்க்கில் கரையேறிய கடற்கன்னி, மேடிசன் அவென்யூவில் நடக்கும்போது தெருவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொள்கிறாள். கதாநாயகனோ அது ஒரு பெயரே இல்லை என்கிறான். சுவையான கதைதான். ஆனால் ஆஷ்லி, கோர்ட்னி, டெய்லர் என்று குடும்பப்பெயர்களைப் பெண் குழந்தைகளுக்கு வைக்கும் வழக்கம் அக்காலத்தில் ஏற்கெனவே ஓங்கி வந்தது. ஆஷ்லி 1991இலும் 1992இலும் முதலிடத்தையே பிடித்தது. படம் வராவிட்டாலும் மேடிசன் வந்தேயிருக்கும்.

புள்ளிக்கணக்கர்:
"வந்தேயிருக்கும்" என்பது ஊகம். அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் வெளியிடும் முதல் ஆயிரம் பெண்பெயர்களின் பட்டியலில் மேடிசன் முதன்முதலாக இடம்பெற்றது 1985இல், அதாவது படம் வந்த மறு ஆண்டில். ஜெஃபர்சன், ஜாக்சன், ஹாரிசன் ஆகியோரும் குடியரசுத் தலைவர்களே. அவர்களுடைய பெயர்களைப் பெற்றோர் பெண் குழந்தைகளுக்கு அள்ளி வழங்கவில்லையே! அந்த வரிசையில் நான்காம் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசனின் பெயர் மட்டும் பெண்களிடம் சென்றது ஏன்?

மரபாளன்:
'சன்' என்றால் மகன். மகளுக்கு அப்படிப் பெயரிடுவதே பொருந்தாதது என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள்.

வேர்ச்சொல்:
ஐயா, அந்தக் குடும்பப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று "மாடின் மகன்" என்பது. மாட் என்பது மடில்டாவின் குறுக்கம், பெண்ணின் பெயர். மத்தேயுவின் மகன் என்போரும் உண்டு. எப்படியாயினும், பெற்றோர் ஓசையைக் கேட்டே பெயர் வைக்கிறார்கள்; வேரைத் தோண்டுவது நம்மைப் போன்றவர்களின் வேலை.

புள்ளிக்கணக்கரே, 1985இல் பட்டியலுக்குள் நுழைந்தது உண்மை. ஆனால் முதல் பத்துக்குள் வந்தது 1997இல். இரண்டாம் இடம் 2001இலும் 2002இலும். படம் பார்த்தவர்கள் பதின்மூன்று ஆண்டுகள் காத்திருந்தார்களா?

நியூஜெர்சிவாசி:
காத்திருக்கத்தானே வேண்டும்? பதினான்கு வயதில் படம் பார்த்த பெண் தாயாவதற்கு அவ்வளவு காலமாகும். என்னோடு வேலை பார்த்த ஒருவர் 1998இல் பிறந்த மகளுக்கு இப்பெயரை வைத்தார். கேட்டதற்கு, "மேடி" என்று செல்லமாக அழைக்க ஆசை, மேடலின் என்றால் பாட்டி பெயர்போல் இருந்தது என்றார். படத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. 2006இல் என் மகளின் மழலையர் வகுப்பில் குளிர்ச்சட்டை மாட்டும் கொக்கிகளுக்கு மேல் "மேடிசன் பி", "மேடிசன் கே" என்று இரண்டு அட்டைகள் இருந்தன; மூன்றாவது மேடிசனின் அட்டைக்கு முதலெழுத்தே தேவைப்படவில்லை, ஏனெனில் அவள் வீட்டார் நடுவில் 'ஒய்' போட்டு எழுதியிருந்தார்கள்.

புள்ளிக்கணக்கர்:
அவர் படத்தைச் சொல்லாததே என் கட்சிக்கு வலு. 1984இல் அந்தக் காட்சி சிரிப்பை வரவழைத்ததற்குக் காரணம், எந்தப் பெண்ணுக்கும் அப்படிப் பெயரிருக்கும் என்று அரங்கில் யாரும் நினைக்காததுதான். 1998இல் அந்தத் தாய்க்கு அது மேடலினோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க இயல்பான பெயர். இடையில் அதைப் பெயராக்கியது எது?

வேர்ச்சொல்:
1985ஐக் கடற்கன்னிக்கே கொடுத்துவிடுகிறேன். 1997ஐத் தரமாட்டேன். எந்தக் கடற்கன்னியும் சூட்டிக்கொள்ளாத ஆடிசனும் 1990களின் நடுவில் பெண்பெயர்ப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. அதற்கு எந்தப் படத்தைக் காட்டுவீர்கள்?