வலியில்லாத இரத்தப்போக்கு: எடைபோட்ட பின் தெரிந்த கணக்கு

மகப்பேறு வார்டு செவிலியர்:
நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், 31 வாரக் கர்ப்பிணி ஒருவர் வலி சிறிதும் இல்லாமல், பளிச்சென்ற சிவப்பில் இரத்தம் போகும் நிலையில் நள்ளிரவில் வந்தார். நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடிக் கிடப்பது முந்தைய ஸ்கேனிலேயே தெரிந்திருந்ததால், உள்பரிசோதனை கூடாது என்று கேஸ் ஷீட்டின் முகப்பில் முதல் வேலையாக எழுதினேன். விரல் பட்டால் அடங்கிய இரத்தப்போக்கும் பெருக்கெடுக்கலாம். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, நரம்பு வழியே திரவமும் இரத்தமும் ஏற்ற 18 கேஜ் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் இரண்டு போட்டு, ஏற்றப்போகும் இரத்தம் பொருந்துமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச்சிங்குக்கு இரத்தம் அனுப்பினோம்.

நான் தவறியது அதற்குப் பிறகுதான். நனைந்த நாப்கினைக் கண்ணால் பார்த்துவிட்டு, 'சிறிதளவு' என்று குறித்தேன். மூத்த சிஸ்டர் அதை எடைபோடச் சொன்னார். உலர்ந்த நாப்கினின் எடையைக் கழித்து, 1 கிராமுக்கு 1 மில்லி என்று கணக்கிட்டபோது, நான் நினைத்ததைவிட இரு மடங்குக்கு மேல் இருந்தது. இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்று நான் நிம்மதியாக இருந்த அதே ஒரு மணி நேரத்தில் நாடித்துடிப்பு 88-இலிருந்து 112-க்கு ஏறியிருந்தது. கர்ப்பிணியின் உடல் இழப்பை நெடுநேரம் ஈடுகட்டிக்கொண்டிருக்கும் என்பதும், இரத்த அழுத்தம் கடைசியில்தான் விழும் என்பதும் பாடத்தில் படித்தவைதான், அன்றுதான் உறைத்தன. குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சிக்காக, மருத்துவர் எழுதியபடி பீட்டாமெத்தசோன் 12 மில்லிகிராம் ஊசியை 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை போட்டோம். விடியற்காலையில் இரத்தம் நின்றது. 36 வாரம் முடிந்தபின் அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்தது.

ஒரு தாய்:
இதே சிக்கலால் நான்கு வாரம் வார்டில் படுத்திருந்தேன். கழிப்பறைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இரத்தம் தெரியுமோ என்ற அச்சமே என்னை அதிகம் வாட்டியது. குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு செவிலியர் கருவியின் ஒலியைக் கூட்டி வைத்து, 110-இலிருந்து 160 வரை இருந்தால் இயல்பு என்று சொல்லித்தந்தார். அதன்பின் அந்த எண்ணை நானே கேட்டு வாங்கிக் குறித்து வைத்துக்கொள்ளத் தொடங்கினேன். 'ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்' என்று மற்றவர்கள் சொன்னது எனக்கு அவ்வளவாக உதவவில்லை.

பிரசவ அறைச் செவிலியர்:
எடைபோடும் வழக்கத்தை நானும் கடைப்பிடிக்கிறேன். ஆனால், குழந்தை பிறக்கும் முன்பே நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியும் நிலையில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். எனக்கு வந்த ஒருவருக்கு நாப்கினில் இருந்தது சில துளிகளே. வயிறோ பலகைபோல் இறுகியிருந்தது, வலி தாங்காமல் துடித்தார். இரத்தம் உள்ளேயே தேங்கியிருந்ததை அறுவை சிகிச்சையின்போதுதான் கண்டோம்.