பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு வரிப்பணம்: நாட்டுக்கு என்ன ஆதாயம்?

பிறைவாசி:
மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களின் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத, பினாங்கு மாநிலத்துப் பிறை நகரின் தொழிற்சாலை ஊழியரும் குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது விற்பனை வரி கட்டுகிறார். அந்தப் பணத்தில் படித்தவர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் வரி கட்டுவாரானால் ஆதாயம் யாருக்கு? வெளிநாடுகளில் சுமார் 10 லட்சம் மலேசியர் வாழ்வதாகவும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிங்கப்பூரில் இருப்பதாகவும் உலக வங்கி 2011-இல் கணக்கிட்டது.

மிண்டன்மேடு:
ஐயா, அந்த 10 லட்சத்தில் மூன்றில் ஒரு பங்கினரே உயர்கல்வி பெற்றவர்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. போனவர்களை எண்ணும் நாம் இங்கேயே இருப்பவர்களையும் எண்ண வேண்டாமா? 1969-இல் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1972-இல் அதே தீவின் பாயான் லெப்பாசில், நிறுவனங்களுக்கு வரிச்சலுகை தரும் தடையற்ற வர்த்தக மண்டலம் அமைந்தது. இரண்டும் சேர்ந்தே இந்தத் தீவை வளர்த்தன.

பிறைவாசி:
கணினிச் சில்லு தயாரிக்கும் அமெரிக்க நிறுவனமான இன்டெல் 1972-இல் இங்கே வந்தது பட்டதாரிகளைத் தேடி அன்று. குறைந்த கூலியையும் வரிச்சலுகையையும் நாடித்தான். நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து, முடியினும் மெல்லிய கம்பியைச் சில்லோடு இணைத்த பெண்களில் பெரும்பாலோர் பள்ளிப் படிப்போடு நின்றவர்கள்.

மிண்டன்மேடு:
தொடக்கம் அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் கூலி மலிவாக உள்ள நாடுகள் பல போட்டிக்கு வந்த பிறகும் அந்நிறுவனங்கள் இங்கே நிலைத்ததற்கு, சில்லை வடிவமைக்கவும் சோதிக்கவும் தெரிந்த பொறியியலாளர்கள் கிடைத்ததும் ஒரு காரணம். ஒரு நிறுவனம் தன் செலவில் ஒருவரை நான்காண்டு படிக்கவைத்தால், மறு ஆண்டே அவர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடக்கூடும். ஆகவே அந்தச் செலவை எவரும் தனியாக ஏற்க முன்வருவதில்லை. பொதுப்பணம் தேவைப்படும் இடம் அதுவே.

கணக்கர்:
மாணவர்களுக்கு 1997 முதல் பி.டி.பி.டி.என். என்னும் அரசாங்க உயர்கல்விக் கடன் இருக்கிறது, முதல் வகுப்பில் தேறுவோரில் தகுதியுள்ளோர் அதைத் திருப்பிக் கட்டவும் வேண்டியதில்லை. வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஒரே கட்டணம் என்பதுதான் எனக்கு நெருடலாக இருக்கிறது.

பிறைவாசி:
மிண்டன்மேடு சொன்ன காரணத்தையே எடுத்துக்கொள்வோம். பொறியியலாளர்களால் பலன் பெறும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகையும் கொடுத்து, ஆளையும் நம் செலவில் ஆயத்தம் செய்து தருகிறோம். ஊழியர் பயிற்சிக்கென்று சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்கு முதலாளிகளிடம் வசூலிக்கும் அரசாங்கம், பல்கலைக்கழகங்களுக்கும் அவ்வாறு வசூலிக்க ஏன் தயங்க வேண்டும்?