கை மரத்திருக்கும்போதே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்

ஆபரேஷனுக்கு நரம்பு பிளாக், அதாவது அந்தப் பகுதிக்குப் போகும் நரம்புகளை மட்டும் மரக்கவைக்கும் ஊசி, போட்ட மூன்று பேரின் அனுபவம் இது.

தோளில் கிழிந்த தசைநாரைத் தைக்கும் ஆபரேஷன் எனக்கு. முழு மயக்கம் கொடுப்பதற்கு முன்னால் கழுத்தோரத்தில் நரம்பு பிளாக் போட்டார்கள். மயக்க மருத்துவர் அல்ட்ராசவுண்ட் திரையைத் திருப்பிக் காட்டினார். சிக்னல் விளக்கு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று கறுப்பு வட்டங்கள். தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் அவைதானாம். கொஞ்ச நேரத்தில் விரல்கள் குறுகுறுத்தன. அப்புறம் கை யாருடையதோ போலக் கனத்துப்போனது.

கண் விழித்தபோது வலி துளியும் இல்லை. ஆனால் குரல் கம்மியிருந்தது, அந்தப் பக்கத்துக் கண்ணிமை தொங்கியது, மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. மருந்து பக்கத்து நரம்புகளுக்கும், மூச்சிழுக்க உதவும் உதரவிதானத் தசையை இயக்கும் நரம்புக்கும் பரவுவதால் இப்படி ஆகலாம், மருந்து இறங்கினால் சரியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் பயப்படவில்லை. நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.

நான் தப்புப் பண்ணியது ராத்திரியில்தான். வலியே இல்லையே என்று மாத்திரையைத் தொடாமல் படுத்துவிட்டேன். ஒற்றை ஊசி பிளாக் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் தாங்கும். எனக்கு விடிகாலை 3 மணிக்கு விட்டுப்போனது. வலி மெதுவாக ஏறவில்லை, ஒரேயடியாக வந்தது. மாத்திரை வேலை செய்யும்வரை கட்டில் விளிம்பில் கையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். வலிக்காவிட்டாலும் சொன்ன நேரத்துக்கு மாத்திரை போடுங்கள். இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

—

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் மாற்று. தொடையின் நடுப்பகுதியில், உட்பக்கமாகப் பிளாக் போட்டார்கள். இடுப்புக்குக் கீழே தொடை மடிப்பில் போடும் பிளாக்கில் தொடைத்தசை தளர்ந்து கால் மடங்கிவிடுமாம். இதில் பலம் பெரும்பாலும் இருக்கும். மறுநாளே வாக்கர் பிடித்து நடந்தார், ஆனாலும் துணையில்லாமல் எழுந்திருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

அம்மாவுக்கு முட்டியின் பின்பக்கம் மட்டும் வலித்தது. ஊசி பிடிக்கவில்லை என்று கலங்கிப்போனார். பின்பக்கத்து உணர்வு வேறு நரம்பு வழியாகப் போகிறது, இந்த ஊசி அதைத் தொடாது என்று நர்ஸ் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் தெளிந்தார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

—

கணுக்கால் முறிந்து பிளேட் வைத்தபோது எனக்கு முட்டிக்குப் பின்னால் பிளாக் போட்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பாதம் மரத்துக் கிடந்தது. குதிகால் கட்டில் கம்பியில் அழுந்திக் கன்றிச் சிவந்திருந்ததை என் மனைவிதான் பார்த்தார், எனக்குத் தெரியவே இல்லை. உணர்வு திரும்பும்வரை காலுக்கு அடியில் தலையணை வைத்து, அவ்வப்போது யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். சூடான எதையும் அந்தக் கால் பக்கம் கொண்டுபோகக் கூடாது. முதலில் பேசியவர் சொல்வதுபோல எனக்கும் மாத்திரை பற்றி யாராவது முன்பே சொல்லியிருந்தால், மருந்து விட்டுப்போன விடிகாலையைக் கொஞ்சம் நிம்மதியாகக் கழித்திருப்பேன்.