43 வயசுல யுனிவர்சிட்டிக்கு அப்ளை பண்ணலாமா? நடுவுல 25 வருஷம் கேப் இருக்கு

வானதி_எம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு ஆகுது. ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப் முடிச்சதும் கணக்கு எழுதுற வேலைக்குப் போயிட்டேன், அப்புறம் கல்யாணம், ரெண்டு புள்ளைங்கன்னு ஆகி காலேஜ் வாசலையே மிதிக்கல.

நாலு வருஷம் முன்னாடி அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. வலது கை விழுந்துடுச்சு, கூடவே பேச்சும் போச்சு. நாம சொல்றது எல்லாம் அவருக்குப் புரியும், பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. தண்ணி வேணும்னா "அது... அது..."ன்னு கையைக் காட்டுவாரு, நாம வேற எதையாச்சும் எடுத்துக் குடுத்தா கண்ணு கலங்கிடும். ஆனா பழைய பாட்டு ஒன்னை நான் ஆரம்பிச்சா அடுத்த வரியை வார்த்தை பிசகாம பாடிடுவாரு. ஸ்பீச் தெரபிஸ்ட் வாரம் ரெண்டு நாள் வந்து சொல்லிக் குடுத்ததை மீதி நாள் எல்லாம் நான்தான் செய்ய வெச்சேன், எந்த வார்த்தை வந்துச்சு, எதுல தடுமாறினாரு, எத்தனை நிமிஷத்துல களைச்சுப் போனாருன்னு தினமும் நோட்ல எழுதி வெச்சேன். அஞ்சு நோட்டு ஆயிடுச்சு. இப்ப "தண்ணி", "போதும்", என் பேரு, இந்த மூணும் தெளிவா வருது.

இதையே முறையா படிக்கணும்னு ஆசை. ஸ்பீச் தெரபி டிகிரி. ஆனா அப்ளிகேஷனைத் திறந்தாலே கை நின்னுடுது. கடைசியா படிச்ச வருஷம் கேக்கறாங்க, டீச்சர்கிட்ட ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்கறாங்க, எனக்குப் பாடம் எடுத்தவங்கள்ல பாதிப் பேரு எங்க இருக்காங்கன்னே தெரியல. நம்மளைப் பத்தி நாமளே எழுதித் தர்ற பர்சனல் ஸ்டேட்மென்ட்ல இந்த 25 வருஷத்தை எப்படிச் சொல்றது? மறைக்கணுமா, விளக்கணுமா? இந்த வயசுல அப்ளை பண்ணவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க ப்ளீஸ்.

மறுபடியும்_மாணவன்:

அக்கா, நான் 38ல சோஷியல் வொர்க் சேர்ந்து 42ல முடிச்சேன், அதனால தைரியமா சொல்றேன், முதல்ல ஃபார்மை மூடி வெச்சுட்டு அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு மெயில் போடுங்க. நீங்க பாக்கறது ஸ்கூல் முடிச்ச பசங்களுக்கான ஃபார்மா இருக்கலாம். வயசு கூடினப்புறம் படிக்க வர்றவங்களுக்கு மெச்சூர் ஸ்டூடன்ட்னு பல ஊர்ல தனி வழியே உண்டு. எந்த வயசுலேர்ந்துங்கறதுதான் ஊருக்கு ஊர் மாறும், பிரிட்டன்ல 21 ஆனாலே அந்தக் கணக்கு, அயர்லாந்துல 23, ஸ்பெயின்ல 25 தாண்டினவங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு, 40 தாண்டினா வேலை அனுபவத்தை வெச்சே உள்ள போற வழி. நீங்க அப்ளை பண்ற இடத்துல என்ன விதின்னு மெயில்லயே கேட்டுடுங்க, காமர்ஸ் படிச்சவங்களுக்கு பயாலஜி கட்டாயமா, அதுக்கு ஃபவுண்டேஷன் கோர்ஸ் எதை ஏத்துக்குவீங்கன்னும் சேர்த்துக் கேளுங்க. பதிலை எழுத்துல வாங்கிக்கறது ரொம்ப முக்கியம், போன்ல ஒருத்தர் சரின்னு சொல்லி அடுத்தவர் முடியாதுன்னு சொல்லி நான் ஒரு வருஷம் இழந்தேன்.

அப்புறம் சர்டிஃபிகேட் எல்லாத்தையும் இன்னைக்கே வெளிய எடுங்க. என்னோட மார்க் ஷீட்டை 20 வருஷம் முன்னாடி பத்திரமா இருக்கட்டும்னு லேமினேட் பண்ணி வெச்சிருந்தாங்க, பிளாஸ்டிக்ல மை ஒட்டிக்கிட்டு ரெண்டு பாடத்தோட மார்க்கே படிக்க முடியல, பிரிச்சா தாளும் சேர்ந்து கிழியுது. டூப்ளிகேட் வாங்க மூணு மாசம் ஆச்சு, கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னாடிதான் கைக்கு வந்துச்சு. கல்யாணத்துக்கு அப்புறம் பேர்லயோ இனிஷியல்லயோ மாத்தம் இருந்தா அதுக்கான பேப்பரையும் இப்பவே ரெடி பண்ணுங்க.

ஸ்டேட்மென்ட் பத்தி ஒன்னே ஒன்னு. முதல் வருஷம் நான் பட்ட கஷ்டத்தை எல்லாம் ரெண்டு பக்கம் கொட்டினேன், ரிஜெக்ட் ஆயிடுச்சு. அதுல ஒரு எழுத்தும் பொய் இல்ல, ஆனா அதைப் படிக்கறவருக்கு இவனால படிக்க முடியுமாங்கற கேள்விக்கு பதிலே இல்ல. உங்ககிட்ட அந்த அஞ்சு நோட்டு இருக்கு அக்கா. அதுதான் உங்க ஸ்டேட்மென்ட்.

கோப்பு_வாசகர்:

நான் ஒரு யுனிவர்சிட்டியில அட்மிஷன் கமிட்டிக்காக 6 வருஷமா விண்ணப்பம் படிக்கிறேன். மேல தம்பி சொன்னதை முழுசா ஒத்துக்கறேன், அந்தப் பக்கத்துலேர்ந்து கொஞ்சம் சொல்றேன்.

கேப்பை மறைக்காதீங்க. தேதிகளுக்கு நடுவுல வெத்து இடம் இருந்தா படிக்கறவங்க மனசு அதையே சுத்தும். "இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை கணக்குப் பிரிவில் வேலை, பிறகு குடும்பப் பொறுப்பு, கடந்த நாலு வருடங்களாகப் பக்கவாதத்தால் பேச்சிழந்த தந்தைக்குப் பயிற்சி"ன்னு மூணு வரியில நேரா போட்டுட்டு விஷயத்துக்கு வந்துடுங்க. நாங்க உண்மையில தேடறது சமீபத்துல படிச்சதுக்கு ஒரு அடையாளம். 25 வருஷம் முன்னாடி வாங்கின 90 மார்க்கைவிட போன வருஷம் முடிச்ச ஒரு சின்ன கோர்ஸ் எங்ககிட்ட அதிகம் பேசும். பயாலஜியில அடிப்படை ஃபவுண்டேஷன் ஒன்னு, முடிஞ்சா பரீட்சை வெச்சு மார்க் குடுக்கறதா பாத்து சேருங்க. அந்த கோர்ஸ் எடுக்கறவங்களே உங்களுக்கு ரெஃபரன்ஸும் எழுதலாம், ரெண்டாவது லெட்டரை வேலை இடத்து மேலாளர்கிட்டயோ அப்பாவுக்கு வந்த அந்த தெரபிஸ்ட்கிட்டயோ கேளுங்க. நல்லவங்க, உழைப்பாளின்னு மட்டும் எழுதினா எங்களுக்கு உதவாது, நீங்க எப்படிக் கவனிச்சீங்க, எப்படிக் குறிச்சு வெச்சீங்கன்னு ஒரு சம்பவமாச்சும் வரணும்.

படிப்பு எவ்ளோ நேரம் தின்னும்னும் முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க. ஐரோப்பாவுல ஒரு முழு வருஷப் படிப்பு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25லேர்ந்து 30 மணி நேரம், ஆக வருஷத்துக்கு 1500லேர்ந்து 1800 மணி நேரம். 40 வாரமா பிரிச்சா வாரத்துக்கு 37 மணிக்கு மேல போகுது, கிட்டத்தட்ட ஒரு முழு நேர வேலை. பார்ட் டைம்னா அதுல பாதி. அப்ளை பண்றதுக்கு முன்னாடியே மூணு வாரம் தினமும் அந்த நேரத்தை ஒதுக்கிப் பாருங்க, எந்த வேலை இடிக்குதுன்னு அப்பதான் கண்ணுக்குத் தெரியும்.

ஈரமான_சுண்ணாம்பு:

நான் அதே கோர்ஸ்தாங்க, 45ல சேர்ந்தேன், முதல் வருஷம் முடிஞ்சதும் விட்டுட்டேன், ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் போய் இப்ப மூணாவது வருஷம். மேல சார் சொன்ன மணிக்கணக்கு சரி, ஆனா ஸ்பீச் தெரபிக்கு அது மட்டும் பத்தாது. கிளினிக்கல் ப்ளேஸ்மென்ட்னு ஒன்னு இருக்கு, நோயாளிங்க வர்ற இடத்துலயே நேரடிப் பயிற்சி, பகல் பூரா ஒரு இடத்துல நிக்கணும், ராத்திரி முழிச்சுப் படிச்சு அதை ஈடுகட்ட முடியாது. நான் அதைக் கேக்காம சேர்ந்தேன், எங்க அம்மாவைப் பாத்துக்க ஆள் இல்லாம நடுவுல நின்னேன். அதனால முதல் மெயில்லயே ப்ளேஸ்மென்ட் எந்த வருஷம், தொடர்ந்து எத்தனை வாரம், பகுதி பகுதியா செய்யலாமான்னு கேளுங்க. அந்த நாள்ல அப்பாகூட யாரு இருப்பாங்கன்னு வீட்ல உக்காந்து பேசி ஆள் பேரோட முடிவு பண்ணுங்க, பாத்துக்கலாம்னு மட்டும் விடாதீங்க.

இன்னொன்னு சொல்லியே ஆகணும். உங்க அப்பா பாடறதைப் படிச்சதும் எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. 1861ல பாரிஸ்ல பால் புரோக்கான்னு ஒரு டாக்டர் ஒரு நோயாளியைப் பத்திச் சொன்னாரு, அவருக்கு மத்தவங்க பேசறது புரியும், ஆனா வாயிலேர்ந்து "டான்"ங்கற ஒரே சத்தம்தான் வரும். பேச்சுக்கும் மூளையோட இடது முன்பக்கத்துக்கும் இருக்கற தொடர்பு அங்கேர்ந்துதான் பேசப்பட ஆரம்பிச்சுது. பேச்சு வராதவங்களுக்கும் பாட்டு வருதுங்கறதை வெச்சு 1973ல மெலோடிக் இன்டோனேஷன் தெரபின்னு ஒரு முறையை எழுதினாங்க, சின்னச் சின்ன வாக்கியத்தை ராகம் போட்டு, இடது கையால தாளம் தட்டி, கொஞ்சம் கொஞ்சமா ராகத்தைக் குறைச்சுப் பேச்சுக்குக் கொண்டு வர்றது. எங்க கிளாஸ்ல அது வந்தப்ப பக்கத்துல இருந்த 19 வயசுப் பொண்ணு அதை மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்தா. நீங்க அதை நாலு வருஷமா வீட்ல பாத்திருக்கீங்க. அந்தப் பொண்ணுங்க உங்ககிட்ட வந்து கேப்பாங்க, நீங்க அவங்ககிட்ட அனாட்டமி கேப்பீங்க, எங்க செட்ல அப்படித்தான் நடந்துச்சு.

இளவேனில்_7:

வயசை நினைச்சுத் தயங்காதீங்க அக்கா. அமெரிக்காவுல நோலா ஓக்ஸ்னு ஒரு பாட்டி 2007ல 95 வயசுல டிகிரி வாங்கினாங்க, 2010ல 98 வயசுல மாஸ்டர்ஸும் முடிச்சாங்க. உங்களுக்கு 43தான்.

வானதி_எம்:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. நேத்து ராத்திரியே மெயில் போட்டேன், பயாலஜி, ஃபவுண்டேஷன், ப்ளேஸ்மென்ட் மூணையும் கேட்டு. மார்க் ஷீட் லேமினேட் பண்ணல, பெட்டியில மடிச்சே இருக்கு, மடிப்புல மட்டும் லேசா விட்டுருக்கு. பகல் நேரத்துக்கு என் தம்பி வாரத்துல மூணு நாள் வந்து இருக்கறேன்னு சொல்லிட்டான், மீதி நாளுக்கு ஆள் இன்னும் முடிவாகல, பேசிக்கிட்டு இருக்கோம்.

அந்த தாளம் தட்டற விஷயத்தை இன்னைக்கு அப்பாவோட தெரபிஸ்ட்கிட்ட போன்ல கேட்டேன், ஒரு மாசம் பாத்து செய்யலாம், நானே வந்து ஆரம்பிச்சு வைக்கறேன்னாங்க. ரெஃபரன்ஸும் எழுதித் தர்றேன்னாங்க, அந்த அஞ்சு நோட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஸ்டேட்மென்ட்ல முதல் வரி மட்டும் எழுதி வெச்சிருக்கேன், "என் அப்பா 'தண்ணி' என்று சொல்ல பதினொரு மாதம் ஆனது". இதுலேர்ந்து ஆரம்பிக்கலாமா, கோப்பு_வாசகர் சார்?