திப்பு விட்டுப்போன துப்பாக்கி

தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து:

எங்கள் பெரியப்பா வீட்டு இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு ஊரில் ரெண்டு கதை உண்டு. ராயக்கோட்டையில் திப்பு படை விட்டுப்போனது என்பது ஒன்று. மத்திகிரி கால்நடைப் பண்ணையில் இருந்த வெள்ளைக்காரத் துரை, பாட்டனார் குறி தவறாமல் சுடுவதை மெச்சிக் கொடுத்தது என்பது இன்னொன்று. இந்தப் பக்கம் துரை கொடுக்காத பழைய துப்பாக்கியை நான் பார்த்ததே இல்லை. சுட்டதைவிட தானம் கொடுத்ததுதான் அதிகம் போல.

பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்து ரிட்டையரான ஓசூர்க்காரர் ஒருவர் வந்தபோது குழலைக் கழற்றித் திருப்பினார். அடியில் கிரீடம் போட்ட சின்ன முத்திரைகள். பர்மிங்காம் சோதனைச்சாலையில் வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்களாம், தாங்கினால்தான் முத்திரை. பக்கத்திலேயே 'நாட் ஃபார் பால்', அதாவது 'குண்டுக்கு அல்ல' என்று ஆங்கில எழுத்து. ரவை, அதாவது பொடிப் பொடி ஈயக் குண்டுகள், சிதறாமல் சேர்ந்து போகட்டும் என்று குழல் வாயைக் கொஞ்சம் ஒடுக்கியிருக்கிறார்கள். அதில் ஒற்றைக் குண்டு போட்டுச் சுட்டால் குழலுக்கே ஆபத்து, அதற்குத்தான் அந்த எச்சரிக்கை. அப்படி எழுதியது 1875 முதல் 1887 வரைதான் என்றார். திப்பு செத்தது 1799இல். பெரியப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

துரை கதையை முடித்தது லைசன்ஸ் புத்தகம். பழையதையெல்லாம் பெரியம்மா புடவைப் பெட்டியில் வைத்திருந்தார். முதல் புத்தகத்தில் சேலம் கலெக்டர் முத்திரை, பயிர்ப் பாதுகாப்புக்கு என்று குறிப்பு. கூடவே ஒரு விற்பனைச் சீட்டு: காட்டில் மரம் வெட்டும் கூப்பு கான்ட்ராக்டர் ஒருவர் இறந்த பிறகு அவர் சம்சாரம் பாட்டனாருக்கு விற்றிருக்கிறார். ராகிக் கொல்லையில் பன்றி விரட்டக் காசு கொடுத்து வாங்கியது, அவ்வளவுதான். 1965 அக்டோபரில் ஜில்லா பிரிந்ததும் தர்மபுரி முத்திரை, 2004 பிப்ரவரிக்குப் பிறகு கிருஷ்ணகிரி முத்திரை. துப்பாக்கி என்னவோ அதே பீரோவில்தான் இருந்தது.

கான்ட்ராக்டருக்கு முன்னால் யாரிடம் இருந்ததோ, சீட்டில் இல்லை. அந்த இடைவெளியில் பெரியப்பா துரையை உட்கார வைத்துவிட்டார். இருக்கட்டும், வயசானவர்.

பென்னாகரத்திலிருந்து:

அண்ணா, உங்களுக்கு முத்திரையாவது இருக்கிறது. எங்கள் தாத்தாவுடையது நாட்டுத் துப்பாக்கி. வாய்ப்பக்கம் கரிமருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற வகை. லைசன்ஸும் கிடையாது, செய்தவர் பெயரும் கிடையாது. கேஸ் இல்லை, தானாக ஒப்படையுங்கள் என்று ஊரில் சொன்னபோது அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கட்டையில் தாத்தா ஆணியால் கீறிய கோடுகள் இருக்கும். என்ன கணக்கு என்று கேட்டால் பாட்டி பேச்சை மாற்றிவிடுவார். வேட்டையைத் தடுத்த 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று நானும் கிளறவில்லை.

ஓசூரிலிருந்து:

எங்கள் மாமா போன வருஷம் காலமாகிவிட்டார். அவர் துப்பாக்கி சுவரில் மாட்டியபடியே இருக்கிறது. நூறு வருஷத்துப் பழசு என்றால் லைசன்ஸ் வேண்டாமாமே?

தேன்கனிக்கோட்டைக்காரர்:

வயசு மட்டும் போதாது, தம்பி. 1959 ஆயுதச் சட்டம் விலக்குக் கொடுப்பது பழுதுபார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான். சுடக்கூடியது என்றால் வாரிசு பெயருக்கு லைசன்ஸ் வாங்க வேண்டும். அதுவரை ஸ்டேஷனிலோ லைசன்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கு. இன்னொன்று, குழல் மேல் அலை அலையாகக் கோடு தெரிந்தால் அது இரும்பும் எஃகும் முறுக்கி அடித்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். பெரும்பாலும் கரிமருந்துக்காகச் செய்தவை, இன்றைய தோட்டாவைத் தாங்காமல் போகலாம். இன்றைய தோட்டாவைப் போட்டுப் பார்க்கலாமா என்று மச்சான்கள் யாராவது கிளம்பினால் முதலில் அதைச் சுவரிலிருந்து இறக்கிப் பீரோவில் பூட்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்.